அம்மா கட்டிய சிவப்பு இறால்கள்

முகத்தில் அம்மைத் தழும்பு உள்ள என் வயதுக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. யாரோ நம் பேரில் எதையோ வேண்டிக்கொண்டதால்தான் பிழைத்தோம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஒருவருக்கு ஆடு, ஒருவருக்குத் தலைமுடி, வசதியுள்ள வீட்டில் வெள்ளியில் கண்மலர். கல்யாண வீடுகளில் என்னைப் போல ஓரமாக உட்கார்ந்திருக்கும் தழும்பு முகங்களைப் பார்த்தால், ‘உங்களுக்கு என்ன வேண்டிக்கொண்டார்கள்?’ என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை. எனக்குப் பேச்சு வருவது எப்போதும் தாமதம். அதனால் எழுதுகிறேன். எனக்கு வேண்டிக்கொண்டது ஒரு சேவல்.

அது யுத்த காலம். குமணன்சாவடியிலிருந்து மாங்காட்டுக்குப் போகும் வழியில், மல்லிகைக் கொல்லைகளுக்கு நடுவில் எங்கள் வீடு. நைனா பூந்தமல்லியில் ஒரு ராணுவ துரையின் பங்களாவில் தோட்டக்காரர். அம்மா பூக்கட்டுவாள். வாழைநாரின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு அவள் கட்ட ஆரம்பித்தால் விரல்கள் தெரியாது, சரம் நீளுவது மட்டும்தான் தெரியும்.

பங்குனி வெயிலில் எனக்கு அம்மை வார்த்தது. வேப்பிலைப் படுக்கையில் கிடந்தது மங்கலாக நினைவிருக்கிறது. கூடவே ஒரு கோழிக்குஞ்சு. அம்மா அதை என் வயிற்றின் மேல் வைத்து, ஒரு கையால் அதையும் ஒரு கையால் என் தலையையும் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“எல்லையம்மா தாயே, இந்த உசுர எனக்குக் குடுத்துடு. இந்த உசுர உனக்கு வளத்துக் குடுக்கறேன். அடுத்த வருசம் ஆடியில உன் வாசல்ல உசுரோட உடறேன்.”

மாங்காட்டுக் காமாட்சிக்குச் சேவல் ஆகாது. ஊர் எல்லையில் இருப்பவளுக்குத்தான் சேவல். அதுவும் அறுப்பது ஒரு வகை, உயிரோடு விடுவது ஒரு வகை. உயிரோடு விட்டால் அது கோயில் வாசலிலேயே மேய்ந்து திரியும். அது திரிகிற வரைக்கும் பிள்ளைக்கு ஒன்றும் வராது என்று சொல்வார்கள்.

நான் எழுந்தேன். குஞ்சும் வளர்ந்தது. செக்கச்செவேலென்ற சேவல், கழுத்தில் மட்டும் சிவப்பின் மேல் பொன் தடவிய மாதிரி. இடது காதுக்குக் கீழே ஒரே ஒரு வெள்ளை இறகு. அது அம்மன் வைத்த அடையாளம் என்று அம்மாதான் சொன்னாள். நேர்ந்துவிட்ட சேவலை யாரும் விரட்ட மாட்டார்கள். அது யார் முற்றத்தில் நெல் கொத்தினாலும், “அம்மன் சேவல், உடு” என்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு என் பின்னாலேயே வந்து வேலியோரம் நிற்கும். பையன்கள் “சேவக்காரி வராடா, கொக்கரக்கோ!” என்று கத்துவார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் உள்ளுக்குள் ஒரு தைரியம். என் உயிர் வெளியே இரண்டு கால்களில் நடந்துகொண்டிருந்தது. அதை என்னால் பார்க்க முடிந்தது.

அடுத்து வந்த தை மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் நைனா தன் முண்டாசிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்து முறத்தில் வைத்தார். செத்த பூச்சி என்று நினைத்துக் கையை நீட்டினேன்.

“தொடாத, முள்ளு கீது.”

அது ஒரு தூண்டில் முள். அதன் மேல் இறகும் நூலும் சுற்றி இறால் மாதிரி செய்திருந்தது. மீன் கடித்துப் பாதி பிய்ந்திருந்தது. துரை ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டாரில் அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் போய், நீளக் கழியால் இதை வீசிக் கொடுவா மீன் பிடிப்பாராம். யுத்தத்தால் சீமையிலிருந்து புதிது வருவதில்லை. துரையே கட்டப் பார்த்து விரலைக் குத்திக்கொண்டாராம். எங்கள் வீட்டில் பூக்கட்டுவார்கள் என்று நைனா சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “மீன ஏமாத்தறதுக்கு எறா வேசமா? நெச எறாவுக்கு இன்னா கேடு?”

“அது தொரைங்க வெளாட்டு. நெச எறா போட்டுப் புடிச்சா அவங்களுக்குக் கௌரவம் இல்லியாம்.”

“அது சரி, இன்னாய்யா இது செவப்பா கீது? உசுரோட கீற எறா செவப்பாவா இருக்கும்?”

“தொரை தட்டுல வெந்த எறாவத்தான் பாத்துக்கீறாரு போல.”

இரண்டு பேரும் கண்ணில் நீர் வர ஒன்றாகச் சிரித்தார்கள். அப்படி அவர்கள் சிரித்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் அந்தச் சிவப்பு இறால் அன்று எனக்கும் பிடித்துப் போயிற்று.

மறுநாள் அம்மா அதைப் பிரித்தாள். அவசரப்படவில்லை. கட்டியவன் கடைசியாகச் சுற்றியதை முதலில் அவிழ்த்து, ஒவ்வொன்றையும் முறத்தில் வரிசையாக வைத்தாள். நூல், செம்புக் கம்பி, நைந்த இறகு, கண்ணுக்கு இரண்டு மணி. பிறகு அதே வரிசையில் திரும்பக் கட்டினாள். பிளந்த மூங்கில் துண்டில் முள்ளைச் செருகி நிறுத்திக்கொண்டாள். பூநாரைப் போலவே நூலின் முனை கால் கட்டைவிரலில். இறகின் நுனியை முள்ளோடு சேர்த்துக் கட்டிச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்தால், அதன் மயிர்கள் விரிந்து இறாலின் கால்களாக நிற்கும். முடிச்சு மல்லிகைக்குப் போடும் அதே முடிச்சு. மேலே ஒரு சொட்டு வேலம்பிசின்.

முதலில் கட்டியதில் தலை தூண்டில் கயிறு கட்டும் பக்கம் இருந்தது. அது தப்பு என்று துரை திருப்பி அனுப்பினார். இறால் பயந்தால் பின்பக்கமாகத்தான் பாயும், அதனால் வால்தான் அந்தப் பக்கம் வர வேண்டும். இதை அம்மாவுக்குப் புரியவைக்க நைனா முற்றத்தில் குனிந்து, கையை மீசை மாதிரி நீட்டிக்கொண்டு, பின்னால் பின்னால் குதித்துக் காட்டினார். சேவல் மிரண்டு கூரைமேல் ஏறிவிட்டது.

மீசைக்கு ஜட்கா குதிரையின் வால்மயிர். குமணன்சாவடியில் வண்டி நிற்கும்போது அம்மா என்னை அனுப்புவாள். வண்டிக்காரர், “இன்னா பாப்பா, மறுபடியும் வந்துட்டியா? எங்குதிரைக்கு வால் மொட்டையாப் பூட்ச்சின்னா நீதான் வந்து ஈ ஓட்டணும்” என்று சொல்லிக்கொண்டே பிடுங்கித் தருவார். கண்ணுக்கு என் பழைய கைவளையலின் கருமணிகள்.

ஒரு திங்கட்கிழமை நைனா வாசலிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வந்தார். துரை அம்மா கட்டிய இறாலில் கை நீளத்துக்குக் கொடுவா பிடித்துவிட்டாராம்.

“பஸ்ட் கிளாஸ்னாரு. கைய இப்டி இப்டித் தட்டனாரு.”

“இன்னொரு தபா சொல்லு. எப்டிச் சொன்னாரு?”

நைனா சொன்னார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, திரும்பாமல், “இன்னொரு தபா” என்றாள்.

அவள் கட்டிய பூ ஆயிரம் பேர் தலையில் ஏறியிருக்கும். வாங்கியவர்கள் முழம் குறைகிறது என்று சொல்லியிருக்கிறார்களே தவிர வேறொன்றும் சொன்னதில்லை. அவள் சமைத்ததை நாங்களும் பேசாமல்தான் தின்றோம். இதெல்லாம் இப்போது புரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா திடீரென்று பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தாள் என்பதுதான்.

பங்குனியில் அவள் தன் கூரைப்புடவையை எடுத்து முந்தானைச் சரிகையை உருவினாள். இறாலின் உடம்பில் செம்புக் கம்பிக்குப் பதிலாக அந்தச் சரிகையைச் சுற்றினால் தண்ணீரில் உயிருள்ளது போல மின்னுமாம். கல்யாணப் புடவை ஆயிற்றே என்று நைனா அதிர்ந்துபோனார். அம்மா, “பொட்டியில கெடக்கறதுக்கு எறா மேல கெடக்கட்டும்” என்றாள். அந்த இடத்திலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

சந்தையில் வாங்கிய இறகு அவளுக்குப் பிடிக்கவில்லை. சாயம் தோய்த்தால் மொடமொடவென்று ஆகிறது, சுற்றினால் உடைகிறது என்று கீழே போடுவாள். முற்றத்தில் என் சேவல் உதிர்த்த இறகுகளைப் பொறுக்கி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். உதிர்ந்தவை நுனி தேய்ந்தவை. ஒரு மத்தியானம் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். சேவல் என் மடியில் இருந்தது.

“கண்ணு, கெட்டியாப் புடிச்சிக்க. ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கறேன். அம்மன் கோச்சிக்க மாட்டா.”

பிடித்துக்கொண்டேன். அம்மா சொன்னால் அது அம்மனே சொன்ன மாதிரி. கழுத்திலிருந்து ஒரு இறகைச் சுருக்கென்று பிடுங்கினாள். சேவலின் உடம்பு என் கைக்குள் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. அந்த ஒரு இறகில் கட்டிய இறாலை அம்மா முறத்தில் வைத்துக் குனிந்து மெல்ல ஊதிப் பார்த்தாள். கால்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன. மூச்சுப் பட்டாலே நடுங்கின. நானும் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், அது நகரப்போகிறது என்றே நினைத்தேன்.

துரையும் அதைப் பார்த்துவிட்டார். நைனா வந்து சொன்னார், “இதே மாதிரி ஒரு பொட்டி நெறைய வோணுமாம். தனித்தனியா புடுங்கக் கூடாதாம். கய்த்துத் தோலோட முய்சா எடுத்துக் காயவெச்சா எறகு கெடாம இருக்குமாம். சீமையில அப்டித்தான் விக்கறாங்களாம்.”

“அதுக்குச் சேவலுக்கு எங்க போறது?” என்றாள் அம்மா.

யாரும் சேவலைப் பார்க்கவில்லை. அது அடுப்பங்கரை வாசற்படியில்தான் நின்றுகொண்டிருந்தது. அவர்கள் அதைப் பார்க்காமல் இருந்ததுதான் இத்தனை வருடம் கழித்தும் எனக்கு உறைக்கிறது.

ஆனி மாதத்தில் ஒரு நாள் பள்ளிக்கூட வேலியோரம் சேவல் வரவில்லை. வீட்டுக்கு ஓடினேன்.

“கீரி இஸ்துகினு பூட்ச்சிம்மா” என்றாள் அம்மா. “கொல்லைக்குள்ள துரத்திகினு ஓடனேன். கெடைக்கல.”

அவளும் அழுதாள். அந்தக் கண்ணீரை நான் நம்பினேன். அது பொய்க் கண்ணீர் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. கொல்லை முழுக்க மல்லிகைப் புதர் புதராகத் தேடினேன். ஒரு இறகு கூட இல்லை. இருட்டுவதற்குள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். பங்களாவில் விருந்து நடந்து மிஞ்சிய கறி என்று நைனா சொன்னார். எங்கள் வீட்டில் கறி அபூர்வம். அழுது அழுது எனக்குப் பசி. ஒரு கால் துண்டைக் கேட்டு வாங்கித் தின்றேன். நைனா சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்றார். அம்மா எனக்கு இன்னும் கொஞ்சம் போட்டாள்.

சில நாள் கழித்து, அம்மா கிணற்றடியில் இருந்தபோது, புளிப்பானை எடுக்கப் பரண்மேல் ஏறினேன். அடுப்புப் புகை படும் மூலையில் ஒரு பலகை. அதன்மேல் மஞ்சளும் உப்பும் தடவி, கருவேல முள்ளால் சுற்றிலும் அடித்து விரித்த ஒரு கழுத்து. சிவப்பு, அதன்மேல் பொன். இடது பக்கம் ஒரே ஒரு வெள்ளை இறகு.

கீழே இறங்கினேன். அழுதேனா, நினைவில்லை. வாயில் கறியின் ருசி வந்தது, அது நினைவிருக்கிறது. அம்மா குடத்தோடு உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு நான் எங்கே பார்க்கிறேன் என்று மேலே பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள்.

“இன்னும் ஈரம் கீது. தொடாத” என்றாள்.

அவ்வளவுதான். அதைப் பற்றி அதற்கு முன்னாலும் ஒரு பேச்சு இல்லை, பின்னாலும் இல்லை. அடி வாங்கியிருந்தால் கூட எப்போதாவது மறந்திருப்பேன்.

ஆடி வந்தது. அம்மா எங்கிருந்தோ வேறொரு சிவப்புச் சேவல் கொண்டுவந்து கூடையில் கவிழ்த்து வைத்திருந்தாள். கோயிலுக்குப் புறப்படும்போது நைனா மெதுவாகக் கேட்டார், “ஆத்தாவுக்குத் தெரியாதா?”

“சேவல் உடறேன்னு வேண்டிக்கினேன். சேவல் உடறேன். எந்தச் சேவல்னு அவ கேட்டாளா?”

வேண்டிக்கொண்டபோது அவள் கை அந்தக் குஞ்சின் மேல் இருந்தது. அந்தக் குஞ்சு என் வயிற்றின் மேல் இருந்தது. ‘இந்த உசுர’ என்றுதான் சொன்னாள். அது அவளுக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை.

புதுச் சேவலை என் கையில் கொடுத்துக் கோயிலைச் சுற்றி வரச் சொன்னார்கள். முரட்டுச் சேவல், என் மணிக்கட்டைக் கொத்திக்கொண்டே வந்தது. பூசாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதானாம்மா பாப்பா கூடவே சுத்துமே, அந்தச் சேவல்? காதாண்ட வெள்ளையா ஒண்ணு இருக்குமே?”

“உதுந்துட்ச்சி சாமி” என்றாள் அம்மா.

பூசாரி என்னைப் பார்த்தார். அம்மாவின் கை என் தோளை அழுத்திக்கொண்டிருந்தது. அவர் குங்குமத்தைச் சேவலுக்கும் எனக்கும் வைத்து, அதை வாசலில் விட்டார்.

அன்றிலிருந்து நான் சாகக் காத்திருந்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. என் உயிரை அறுத்துக் குழம்பு வைத்தாகிவிட்டது. நானே தின்றும் ஆகிவிட்டது. இனி எப்போது என்பதுதான் பாக்கி என்று நம்பினேன். என் சிலேட்டைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தேன். மறுநாள் அவள் அம்மா அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். தீபாவளிக்குப் பாவாடை வேண்டாம் என்றேன். குழந்தைக்குப் புத்தி வந்துவிட்டது என்று நைனா சந்தோஷப்பட்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் அம்மா. அவளோ முறத்தின் முன்னால் உட்கார்ந்து பெட்டி நிறைய இறால் கட்டிக்கொண்டிருந்தாள்.

பெட்டியை நைனா கொண்டுபோய்க் கொடுத்த கொஞ்ச நாளில் துரைக்கு வேறு ஊருக்கு உத்தரவு வந்தது. ஒரே நாளில் மூட்டை கட்டிப் போய்விட்டார். காலி பங்களாவைப் பெருக்கப் போன நைனா ஒரு சிகரெட் டப்பாவோடு திரும்பினார். ஜன்னல் மாடத்தில் இருந்ததாம். திறந்தால், பெட்டியில் கொடுத்தனுப்பிய அம்மாவின் இறால்கள். பஞ்சின் மேல் வரிசையாக, ஒன்று கூடக் குறையாமல். ஒன்றிலும் தண்ணீர் பட்ட அடையாளம் இல்லை.

“மறந்துட்டுப் பூட்டாரு போல” என்றார் நைனா.

அம்மா டப்பாவை வாங்கி மூடினாள். அந்த மழைக்காலம் முழுக்க மத்தியானத்தில் அதைத் திறந்து பார்ப்பாள். ஊதுவாள். கால்கள் நடுங்குவதைப் பார்ப்பாள். மூடுவாள். என்னை ஒரு நாளும் கூப்பிட்டுக் காட்டவில்லை.

கோயில் பக்கம் போனால் மட்டும், “பாரு, உஞ்சேவல் கூவுது” என்பாள். முதலில் எனக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். போகப் போகத் தெரிந்தது, அவள் அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள். அதற்கு அரிசி கொண்டுபோவாள். மழை வந்தால் எங்கே ஒதுங்கியதோ என்று கவலைப்படுவாள். நானோ சாகவில்லை. பொங்கல் வந்தது, போயிற்று. சாகாமல் இருப்பதும் மெதுவாகப் பழகிக்கொண்டு வந்தது.

மாசியில் ஒரு நாள் காலை, பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தோம். ஜன்னலில் அம்மா நின்றாள். தலை கலைந்திருந்தது. கால் கட்டைவிரலில் வாழைநார் மாட்டியபடியே, பாதி கட்டிய சரம் மண்ணில் புரளப் புரள ஓடி வந்திருக்கிறாள். பையன்கள் சிரித்தார்கள். வாத்தியாரைக் கூடக் கேட்காமல் உள்ளே வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் என் நெற்றியை, கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

வீட்டில் வேப்பிலை பரப்பியிருந்தது. மஞ்சள் தண்ணீர் வைத்திருந்தது. பூசாரி காலையில் வந்து சொன்னாராம், சேவலை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம்.

“எங்கியாவது வலிக்குதா கண்ணு? ஒடம்பு சுடுதா? அம்மா கிட்டச் சொல்லு. தோ இன்னிக்கே வேற வேண்டிக்கறேன். ஆடே உடறேன். உனுக்கு ஒண்ணும் ஆவாது.”

அவள் கை நடுங்கியது. இறாலின் கால்கள் போல, விரல் விரலாக. அவ்வளவு பயந்து நான் யாரையும் பார்த்ததில்லை. எனக்குத்தான் துளிக்கூடப் பயமில்லை. அதுதான் ஆச்சரியம். நான் பயப்பட வேண்டியதையெல்லாம் போன ஆடியிலேயே பயந்து முடித்திருந்தேன், தனியாக.

“அது என் சேவல் இல்லம்மா” என்றேன்.

“இன்னா சொல்ற?”

“என் சேவல் அப்பவே செத்துட்ச்சி. நானும் துன்னேன்.”

அவள் திட்டவில்லை, அழவில்லை. பரண் பக்கம் கூடப் பார்க்கவில்லை. என் நெற்றியில் வைத்த கையை எடுக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்தக் கையில் மல்லிகை வாசனையும் வேப்பிலை வாசனையும் இருந்தன.

கடைசியில் நான்தான் அந்தக் கையை எடுத்துக் கீழே வைத்தேன்.